தோல் வாருக்கு அடியில்

டொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தகர டப்பா மூடியின் நடுவில் விரலை வைத்து அமுக்கினால் உள்ளே போய்விட்டு வெளியே வருமே, அந்த அளவுதான் இருக்கும். இதற்குப் போய் ஒரு மனுஷன் மூச்சை நிறுத்துவானா? சென்னியப்பன் நிறுத்தினான். பட்டறை வாசலில், வேப்பமரத்து நிழல் எட்டாத இடத்தில், ரெண்டு மர ஸ்டாண்டுகளின் மேல் பழைய பவானி ஜமக்காளத்தை விரித்து அதன்மேல் கிடத்தியிருந்தது பானட், இஞ்சினை மூடுகிற மூடி. அறுபது வருஷத்துக்கு முன்னால் சீமையிலிருந்து கப்பலேறி வந்த, ரெண்டே பேர் உட்காரக்கூடிய ரேஸ் காருக்கானது. கார் பழசு, பானட் புதுசு. வெறும் அலுமினிய ஷீட்டாக வந்து இறங்கியதை மூன்று மாசமாக மணல் மூட்டைமேல் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி, உருளையில் விட்டு நீவி, அரம் போட்டு அராவி, இன்றைக்குக் காலையில்தான் முடிந்தது என்று கையைக் கழுவினான். கழுவின கை ஈரம்கூடக் காயவில்லை. மணி பார்க்கலாமென்று சட்டைப் பையிலிருந்து போனை எடுக்கிறபோது, ஒரு பிடிமானத்துக்காக இடது முழங்கையைப் பானட்டின்மேல் ஊன்றினான். அப்போதுதான் அந்த டொப். போனில் பத்து இருபது. பதினோரு மணிக்குச் சுந்தராபுரத்துப் பெயின்ட் பட்டறையிலிருந்து வேன் வரும். பெயின்ட் ஏறிவிட்டால் அப்புறம் கடவுளே வந்து தடவினாலும் கண்டுபிடிக்க முடியாது. அது தெரிந்துதான் மூச்சு நின்றது.

மறுபடி அமுக்கிப் பார்ப்பதா வேண்டாமா என்று ஒரு யோசனை. அமுக்காமல் விட்டால் அது ஒரு தடவை கேட்ட சத்தம், கூரைத் தகரத்தில் காக்கா வந்து உட்கார்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு போய்விடலாம். ஆனால் கை சும்மா இருக்குமா? வலது கை நடுவிரலை வைத்தான். போய் உட்கார்ந்தது, வந்தது, எதைத் தொட்டோம் என்று அதற்கே தெரியவில்லை. விரல் என்ன சொல்லும் பாவம், தீபாவளியிலிருந்து அது ஒன்றும் சொல்வதில்லை. முதலில் நுனி மட்டும் லேசாகக் குறுகுறுத்தது. சோறு பிசைகிறபோது சூடு தெரியவில்லை. பெண்டாட்டி நாகமணி சோற்றை ஆறப்போட்டு வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தான். அப்புறம் ரெண்டாவது கணு வரைக்கும் ஏறியது. வலி கிடையாது, அதுதான் இதில் மோசம். வலித்தால் ஊரைக் கூட்டிச் சொல்லலாம். இது வலிக்கவே இல்லையே. யாரோ மெல்லிசாக ஒரு உறையைத் தைத்து விரலுக்கு மாட்டிவிட்டு, அவிழ்க்க மறந்துபோன மாதிரி. சர்க்கரை வந்து பதினொரு வருஷமாகிறது, மாத்திரை போடுகிறான், டீயில் சர்க்கரை இல்லை, லட்டு கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், இன்னும் என்ன செய்யச் சொல்கிறாய் என்று விரலைப் பார்த்துக் கேட்டான். முழங்கையை மெல்ல அதே இடத்தில் ஊன்றினான். டொப். எடுத்தான். டொப். போகிற டொப் ஒன்று, வருகிற டொப் ஒன்று. இடது ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே, பானட்டை இறுக்கிக் கட்டுகிற தோல் வார் வந்து உட்காருகிற இடத்துக்கு நேர் அடியில்.

வேறெங்கேயாவது இருந்திருக்கக் கூடாதா? பின்பக்கம், கண்ணாடி ஓரத்தில், யாரும் கை வைக்காத மூலையில். இல்லை, அங்கேதான் இருக்கணும் என்று இருந்திருக்கிறது. ஏன் என்றும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. போன வாரத்துக்கு முந்தின வாரம் மூன்று நாளாக அந்த ஒரு இடத்தில்தான் உயிரைக் கொடுத்தான். இந்த வேலையில் கண் பொய் சொல்லும், விரல் பொய் சொல்லாது. மெல்லிசு வேட்டித் துணியை மேலே போட்டு அதன்மேல் உள்ளங்கையை ஓடவிட்டால், தலைமுடி கனம் மேடு இருந்தாலும் விரல் தட்டி நிற்கும், இங்கே ஒன்று இருக்கிறது பார் என்று சொல்லும். அப்படித்தான் இருபத்தெட்டு வருஷமாக நடந்தது. இந்தத் தடவை துணியைப் போட்டான், கையை ஓட்டினான், துணி வழுக்கிக்கொண்டு போனது, கை ஒன்றும் கேட்கவில்லை. சரி, கண் இருக்கிறதே என்று குனிந்து, டியூப்லைட்டின் வெளிச்சம் பானட்மேல் விழுந்து ஓடுகிற கோட்டைப் பார்த்தான். அந்த இடத்தில் கோடு லேசாக நெளிந்தது. மேடு என்று முடிவுகட்டி அரத்தை எடுத்தான். அலுமினியம் அரத்தின் பல்லில் அப்பிக்கொள்ளும் என்பதற்காகச் சாக்பீஸைத் தேய்த்துத் தேய்த்து அராவினான். கோடு நெளிந்தது. இன்னும் அராவினான். நெளிந்தது. நெளியாமல் என்ன செய்யும்? அது மேடே இல்லை, பக்கத்தில் ஒரு பள்ளம். பள்ளத்தைக் கீழேயிருந்து ஒரு தட்டுத் தட்டித் தூக்கியிருந்தால் அரை நிமிஷ வேலை. விரல் இருந்திருந்தால் முதல் தடவையே, அட மடையா, மேடு இல்லை இது என்று சொல்லியிருக்கும். விரல் இல்லாத மடையன் மூன்று நாள் மேட்டைத் தேடிப் பள்ளத்தின் கரையை அராவிக் கொட்டியிருக்கிறான், ஷீட் அங்கே மெலிந்துபோய் டொப் என்கிறது. தரையில் வெள்ளி மாவு மாதிரி விழுந்ததை பட்டறைக் கூட்டாளி இன்னாசிதான் கூட்டி அள்ளினான். அப்போது அவன் ஏதாவது சொன்னானா? சொன்ன ஞாபகமில்லை.

ஷீட் மேல் பழியைப் போட்டால் என்ன? இந்த யோசனை வந்ததும் ஒரு நிமிஷம் இதமாகத்தான் இருந்தது. வந்த சரக்கே அந்த இடத்தில் கனம் குறைச்சல் என்று சொல்லலாம். பதினாறு கேஜ் என்று வாங்கினோம், உருட்டின கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லலாம். இல்லாவிட்டால் சூட்டின்மேல் போடலாம். அலுமினியத்தை இளக்குவதற்குச் சூடு காட்ட வேண்டும். இரும்பு சூடானால் சிவந்து சொல்லும், அலுமினியம் கள்ளத்தனம், நிறமே மாறாமல் இருந்துவிட்டு ஒரே நொடியில் ஒழுகிப்போகும். அதனால் மேலே துணி சோப்பைத் தேய்த்துவிட்டுக் கேஸ் நெருப்பைக் காட்டுவார்கள். சோப்பு காப்பிப்பொடி நிறத்துக்குக் கருகினால் பதம், அதோடு நெருப்பை எடுத்துவிட வேண்டும். வீட்டில் வாங்கி வைக்கிற சோப்பெல்லாம் பட்டறைக்குப் போகிறது, துணிக்கு ஒரு கட்டி மிஞ்ச மாட்டேங்கிறது என்று நாகமணி கல்யாணமான புதிதில் சண்டை போட்டாள். இப்போது போடுவதில்லை, ரெண்டாக வாங்கி ஒன்றை அவன் பைக்குள் அவளே வைத்துவிடுகிறாள். கருகின சோப்பு வாடை அவன் சட்டையில் எப்போதும் உண்டு, அவளுக்கு அது பழகிப்போய் இப்போது தெரிவதே இல்லையாம். பழகிப்போனால் எதுவும் தெரிவதில்லைதான். தை மாசம் ஒரு சாயங்காலம் அவன் கால் கழுவிக்கொண்டு வருகிறபோது, ஈரத் தடத்தில் சிவப்பாக ஒன்றைப் பார்த்தவளும் அவள்தான். உள்ளங்காலில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம் உடைந்திருந்தது. வெல்டிங் பொறி செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது, மகராசனுக்குத் தெரியவே இல்லை. அவள் கத்தவில்லை. டாக்டர் மெல்லிசு நைலான் நரம்பு ஒன்றை வைத்துக் காலைக் குத்திக் குத்திப் பார்த்ததைக் கவனித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வந்துவிடுவாள். கண்ணை மூடிக்குங்க மாமா என்பாள், ஒவ்வொரு கால்விரலாகத் தொடுவாள், இது எந்த விரல் என்று கேட்பாள். அவன் கண்ணை மூடுகிற மாதிரி மூடி, இமைக்கு அடியில் ஒரு கோடு வைத்துக்கொண்டு பார்த்துச் சொல்வான். எல்லாம் சரியாகச் சொல்வான். அவள் ஈர்க்குச்சியை மூலையில் வீசிவிட்டு, பரவாயில்லீங்க மாமா, உணர்ச்சி நல்லாத்தான் இருக்குது என்று சிரிப்பாள். கைவிரலைத் தொட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை, அவனும் சொல்லவில்லை.

பத்து முப்பத்தைந்து. வெயில் பானட்டில் ஏறிக்கொண்டிருந்தது. முன்கையின் உள்பக்கத்தை, நரம்பு ஓடுகிற மெல்லிய சதையை, அந்த இடத்தில் வைத்தான். அந்தச் சதையில் இன்னும் உயிர் இருக்கிறது. சுற்றி இருக்கிறதைவிட அந்த இடம் சுருக்கென்று சுட்டது. கனம் குறைந்த இடம் முதலில் சூடேறும், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. கனம் ஒரு மில்லிமீட்டர் இருக்குமா? இருக்காது. அரை? அதுகூட இருக்குமோ என்னமோ. வித்யாவதியம்மா இந்தப் பக்கத்தில்தான் கை வைத்துத் தூக்கினார்கள். காருக்குச் சொந்தக்காரி. மில் குடும்பத்தில் பிறந்து, கல்யாணம் வேண்டாமென்று நின்று, அறுபத்திரண்டு வயசில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற மனுஷி. ஆள் சின்னதாக, நாலே முக்கால் அடி இருப்பார்கள். கிணற்றடியில் விழுந்து மணிக்கட்டில் கம்பி வைத்திருக்கிறார்கள். இதற்கு முன்னால் காரை வைத்திருந்த எவனோ ஒரு புண்ணியவான் அசல் அலுமினிய பானட்டைத் தொலைத்துவிட்டு, தடித்த இரும்பில் ஒன்றைச் செய்து மாட்டியிருந்தான். அதை அந்தம்மாவால் அசைக்கக்கூட முடியாது. முதல்நாள் வந்தபோது நேராக விஷயத்துக்கு வந்தார்கள். வழியில் கார் நின்றால் நாலு ஆம்பிளைங்க ஓடி வர்றாங்க சென்னியப்பன், மூடியைத் தூக்கிக் கொடுக்கிறதோட போக மாட்டேங்கிறாங்க, அப்புறம் அரைமணி நேரம் எனக்குப் புத்தி சொல்றாங்க, அதனால ஒத்தைக் கையில நானே தூக்கற மாதிரி ஒன்னு பண்ணிக் குடுங்க, வேறெதுவும் கேட்க மாட்டேன் என்றார்கள். போன மாசம் பாதி வேலையில் வந்து, இடது கையால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார்கள். தூக்கிப் பிடித்துக்கொண்டே சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சென்னியப்பனுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. இன்னும் இளைக்கட்டும், இன்னும் ஒரு பிடி இளைக்கட்டும் என்று அரத்துக்கு வெறி பிடித்ததில் அந்தச் சிரிப்புக்கும் பங்கு உண்டு. இன்றோடு பத்தாம் நாள் கோத்தகிரி மலைப்பாதையில் பழைய கார்கள் ஓட்டம். அந்தம்மா பேர் கொடுத்துவிட்டார்கள்.

தோல் வார் என்பது சும்மா அழகுக்கு இல்லை. ஓடுகிற வேகத்தில் காற்று புகுந்து பானட்டைத் தூக்கிவிடாமல், குறுக்கே போட்டு இறுக்கிக் கட்டுகிற பட்டை அது. கட்டுவதென்றால் அந்த இடத்தை அமுக்கித்தான் கட்டும். ஒவ்வொரு குழியிலும் வண்டி இறங்கி ஏற, வார் அமுக்க, உள்ளே ஒரு டொப், வெளியே ஒரு டொப். இஞ்சின் இரைச்சலில் யார் காதுக்குக் கேட்கும்? அலுமினியம் நூறு தடவை பொறுக்கும், ஆயிரம் தடவை பொறுக்கும், அப்புறம் ஒரு நாள் மயிரிழையாகக் கீறும். கீறலைப் பெயின்ட் மூடிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு வளைவில் கீறல் வாயைத் திறக்கும், வார் தொய்யும், காற்று உள்ளே கையை விடும். பானட் எழுந்து பின்னால் அடித்துக் கண்ணாடியை மூடினால் அந்தம்மாவுக்கு முன்னால் ரோடு இருக்காது. இந்த இடத்தில் சென்னியப்பன் யோசனையை நிறுத்திவிட்டு வேப்பமரத்தைப் பார்த்தான். மரத்தில் ஒரு அணில் ஏறிக்கொண்டிருந்தது. அது ஏறி முடிக்கிறவரை பார்த்தான்.

ஆகாமலும் போகலாமே. கரூரில் பஸ் பாடி கட்டுகிற கம்பெனியில் இருந்தபோது, இருபத்திரண்டு வயசு, கல்யாணம் பேசி வைத்திருந்த நேரம், மத்தியானம் சீக்கிரம் போக வேண்டுமென்கிற அவசரத்தில் ஒரு பஸ்ஸின் பின்பக்க மூலையில் ரிவெட் ஆணி ஒன்றை அடிக்காமல் விட்டுவிட்டான். ஓட்டைமேல் பெயின்ட் அடித்துவிட்டார்கள். அந்த பஸ் ஈரோட்டுக்கும் கரூருக்கும் ஓடியது. அவனும் எத்தனையோ தடவை அதில் ஏறியிருக்கிறான். ஏறினால் கடைசி சீட்டில்தான் உட்காருவான், உட்கார்ந்து அந்த மூலையையே பார்த்துக்கொண்டு வருவான். பக்கத்தில் வெற்றிலைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா தூங்கிக்கொண்டு வருவாள், இவன் மட்டும் தூங்காமல் மூலைக்குக் காவல். ஒன்றும் ஆகவில்லை. ஒன்பது வருஷம் ஓடியது, ஷீட் பறக்கவில்லை, ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழவில்லை, கடைசியில் பழைய இரும்புக்குப் போனது. அது போய்விட்டது என்று கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் அவன் நிம்மதியாக மூச்சு விட்டான். ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அதில் நடந்தது, ஆனால் அவனுக்கு ஒன்பது வருஷம் ஆனது. அந்தம்மா காரை எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள்? கண்ணாகப் பார்த்துக்கொள்கிற மனுஷி, இருபது வருஷம்கூட வைத்திருப்பார்கள். இருபது வருஷத்துக்கு அவனிடம் ஏது தெம்பு?

சரி, சொல்லிவிடலாம். யாரிடம்? இன்னாசியிடம்தான். கூட்டாளி. வெல்டிங்கெல்லாம் அவன், தட்டுவதும் அராவுவதும் இவன், பத்தொன்பது வருஷமாக ஒரே கூரை. இந்த நேரத்துக்குப் பேக்கரிக்கு டீ வாங்கப் போயிருக்கிறான். பேக்கரி எதிர் ரோட்டில்தான், போக ரெண்டு நிமிஷம் வர ரெண்டு நிமிஷம், ஆனால் அய்யா திரும்பி வர அரைமணி ஆகும். பொங்கல் கழிந்ததிலிருந்து இதே கதைதான். அங்கே எவனோ பேச்சுத் துணைக்குச் சிக்கியிருக்கிறான். முன்னெல்லாம் டீ கொதிக்கக் கொதிக்க வரும், இப்போது பச்சைத்தண்ணிக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். பேக்கரிக்காரன் பாலையே சுடவைப்பதில்லையா, இல்லை நீ வாயைத் திறந்தால் மூட மாட்டாயா என்று சென்னியப்பன் தினமும் ஒரு குத்துக் குத்துவான். இன்னாசி சிரித்துக்கொண்டு அதே ஆறின டீயைத் தானும் குடிப்பான். அவனிடம் எப்படி ஆரம்பிப்பது? ஷீட் மெலிந்துவிட்டது என்று ஆரம்பிக்கலாம். எப்படி மெலிந்தது என்பான். அராவிவிட்டேன். நீயா? இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவையாவது அப்படி அராவியிருக்கியா என்பான். அந்த இடத்தில்தான் பேச்சு முட்டி நிற்கிறது. மெலிந்ததைச் சொன்னால் விரலைச் சொல்ல வேண்டும். விரலைச் சொல்லாமல் மெலிந்ததைச் சொல்ல வழியே இல்லை. எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் அதே வாசலில்தான் வந்து நிற்கிறான்.

விரலைச் சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, நாற்காலி போடுவார்கள். அதுதான் பயம். கணபதி ஏரியாவில் ஒரு பட்டறையில் பெயின்டர் முத்துக்குமரேசன் இருந்தார். கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷன் சரியாக அமையாமல், நிறம் பிடிபடாமல் போய்விட்டது. பட்டறைக்காரர்கள் நல்லவர்கள், அவரைப் போகச் சொல்லவில்லை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அண்ணா நீங்க உக்காருங்ணா, சும்மா உக்காந்து பாத்துக்கிட்டாப் போதும் என்றார்கள். டீ வந்தால் முதல் டீ அவருக்கு. தீபாவளிக்கு வேட்டி சட்டை. போகிற வருகிறவர்களெல்லாம் கும்பிட்டார்கள். ஒருத்தன்கூட ஒரு டப்பாவைக் கையில் கொடுக்கவில்லை. சென்னியப்பன் ஒருமுறை போனபோது அவர் மடியில் ஒரு துண்டுத் தகரத்தை வைத்துக்கொண்டு உப்புக்காகிதத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னங்ணா இது என்று கேட்டதற்கு, சும்மாதான் கண்ணு என்றார். அந்தத் தகரம் பளபளவென்று முகம் தெரிகிற மாதிரி இருந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் போனால் சென்னியப்பன் வேறு ரோட்டில் போய்விடுவான். உக்காரு என்கிற சொல்லில் இவ்வளவு பயம் இருக்குமென்று யாராவது சொன்னால் சிரித்திருப்பான். இன்னாசி சொல்வானா உக்காரு என்று? சொல்லக்கூடிய ஆள்தான், அவனுக்கு மனசு இளகினது. நல்லவர்களிடம்தான் நாற்காலி இருக்கிறது. பேசாமல் பெயின்ட் ஏறட்டும், பானட் போகட்டும், அடுத்த வேலையிலிருந்து முன்கையால் தடவிப் பழகிக்கொள்ளலாம், கன்னத்தை வைத்துப் பார்க்கலாம், மனுஷனுக்கு உடம்பு பூராவும் தோல்தானே இருக்கிறது. இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே முழங்கை தானாகப் போய் அந்த இடத்தில் ஊன்றியது. டொப்.

வேன் அஞ்சு நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது. வரக்கூடாத நாளில்தான் எல்லாம் நேரத்துக்கு வரும். டிரைவர் இறங்கிப் பின் கதவைத் திறந்து, உள்ளே மெத்தை விரிப்பைச் சரி செய்துவிட்டு, தூக்கலாமுங்களா என்று கேட்டான். சென்னியப்பன் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். தூக்கினதும் டிரைவர் சிரித்துவிட்டான், என்னங்ணா, காத்தையா தூக்கறோம் என்றான். மற்ற நாளாக இருந்தால் இந்த ஒரு வார்த்தைக்காகச் சென்னியப்பன் அவனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருப்பான். பானட்டின் ஓரம் உள்ளங்கையில் இருந்தது, அதன் கூர்மை தெரியவில்லை, கனமும் தெரியவில்லை. உண்மையிலேயே கையில் எதுவும் இல்லாமல் நடந்து போகிற மாதிரித்தான் இருந்தது. நாலு எட்டு வைத்தார்கள். வேன் கதவு. அப்போது அந்தம்மாவின் மணிக்கட்டு ஞாபகம் வந்தது. பானட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது முந்தானை விலகி, தையல் போட்ட தழும்பு தெரிந்த மணிக்கட்டு. தன் கை நம்பக்கூடிய கை இல்லை என்று தெரிந்து, அதை ஒளிக்காமல் வந்து சொல்லி, இதற்குத் தக்கபடி ஒன்று பண்ணிக் கொடுங்கள் என்று கேட்ட மனுஷி. சென்னியப்பன் நின்றான். டிரைவரும் நின்றான். கம்பிக் கூட்டில் ரெண்டு டீ கிளாஸைத் தொங்கவிட்டுக்கொண்டு இன்னாசி ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தான்.

"இன்னாசி, இது இன்னைக்குப் போக வேண்டாம்." குரல் எப்போதும் போலத்தான் இருந்தது, அவனுக்கே ஆச்சரியம். "வாருக்கு அடியில மெலிஞ்சு போச்சு. நாந்தான் அராவீட்டேன். என்ற விரல்ல உணர்ச்சி இல்ல, தீபாவளியில இருந்தே."

இன்னாசி டீக்கூட்டை ஸ்டாண்டு ஓரத்தில் வைத்தான். டிரைவரிடம், நாங்களே போன் பண்ணிச் சொல்றமுங்க, அப்ப வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டு, பானட்டின் அந்தப் பக்கத்தைத் தான் பிடித்தான். ரெண்டு பேருமாகத் திரும்பக் கொண்டுவந்து ஜமக்காளத்தின்மேல் வைத்தார்கள். எங்கே என்று அவன் கேட்க, சென்னியப்பன் காட்டினான். இன்னாசி கையைத் துடைத்துக்கொண்டு விரலை ஓடவிட்டான். அந்த இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது, வட்டமாகப் போய்த் திரும்ப வந்தது. ஒருத்தன் விரல் உலோகத்தைக் கேட்பதை வெளியிலிருந்து பார்ப்பது சென்னியப்பனுக்கு இதுதான் முதல் தடவை. அராவப் போட்ட சாக்பீஸை எடுத்து, சென்னியப்பன் அந்த விரல் போன வழியிலேயே ஒரு வட்டம் போட்டான். உள்ளங்கை அகலம் இருந்தது. வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வெச்சு வெல்டிங்ல பத்த வெச்சிடலாம் என்று இன்னாசி சொன்னான், பத்து நாள் போதாது, பதினஞ்சு ஆகும் என்றான். அந்தம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன் என்று போனை எடுக்கப் போனவனைத் தடுத்து, சென்னியப்பனே கூப்பிட்டான். விரலைப் பற்றியும் சொன்னான். வித்யாவதியம்மா, துண்டு வெச்சுப் பத்த வெச்சதுக்கு அப்புறமும் ஒத்தைக் கையில தூக்க வருமில்ல என்று கேட்டார்கள். வருமுங்க என்றான். அப்ப சரி, மலை அங்கேயேதான இருக்கும், அடுத்த வருஷம் ஏறிக்கலாம் என்று வைத்துவிட்டார்கள்.

போனைப் பையில் போட்டுவிட்டு அவன் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தான். உக்காரு. இப்போது வரும். இன்னாசி சாக்பீஸ் வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ற மேலயும் தப்பிருக்குது, சென்னி. நீ மூணு நாளா ஒரே எடத்துல அராவறதைப் பாத்துட்டுத்தான இருந்தேன். உனக்குக் கையில உணர்ச்சி இல்லைன்னு எனக்குத் தெரியும். கேட்டா நீ சங்கடப்படுவேன்னு வாயை மூடிட்டு இருந்துட்டேன்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

இன்னாசி பதில் சொல்வதற்கு முன்னால் கூட்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்து நீட்டினான். சென்னியப்பன் வாங்கினான். வாங்கின கையை இன்னாசி கண்ணால் காட்டினான். அஞ்சு விரலும் கிளாஸின் வயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்தன. சூடு டீயை எவனும் அப்படிப் பிடிக்க மாட்டான், விளிம்பில் ரெண்டு விரல்தான் வைப்பான். மார்கழிக் குளிர்ல எல்லாருந்தான் கிளாஸைக் கட்டிப் புடிப்பாங்க, நீ தையிலயும் அப்பிடியே புடிச்சே, பொங்கலுக்கு அடுத்த நாள் உள்ளங்கை செவந்து கிடந்துச்சு, உனக்குத் தெரியல என்றான். சென்னியப்பன் கிளாஸைப் பார்த்தான், கையைப் பார்த்தான்.

"அப்ப பேக்கரிக்காரன்?"

"அவன் எப்பவும் போலக் கொதிக்கக் கொதிக்கத்தான் குடுக்கறான். நாந்தான் அங்க பெஞ்சுல வெச்சு ஆறட்டும்னு உக்காந்திருப்பேன். அங்க எனக்கு எவன் இருக்கறான் பேசறதுக்கு?"

ரெண்டு பேரும் வேப்பமரத்து நிழலுக்கு நகர்ந்து நின்றுகொண்டே குடித்தார்கள். இனிமேல் தடவறது நான், தட்டறது நீ, அரத்தை நான் சொல்ற எடத்துல மட்டும் வெய்யி என்று இன்னாசி சொன்னான். சரி என்றான் சென்னியப்பன். சனிக்கிழமை நாகமணி ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு வந்தால் நிஜமாகவே கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், கையையும் நீட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். இன்றைக்கும் டீ ஆறித்தான் இருந்தது. அவன் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான்.